கார் செல்ஃப் எடுக்கவில்லை: கேபிளா, சார்ஜரா, புது பேட்டரியா?

காலையில் கிளம்பும் அவசரத்தில் சாவியைத் திருப்பினால் கார் முனகிவிட்டு அடங்கிவிடுகிறது. உடனே ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். கேபிள் போடு என்பார் ஒருவர், தள்ளிப் பார்க்கலாம் என்பார் இன்னொருவர், பேட்டரி போய்விட்டது புதுசு வாங்கிவிடு என்று மூன்றாமவர் தீர்ப்பே சொல்லிவிடுவார். மூவருமே சரியாக இருக்கலாம். எந்தச் சூழ்நிலைக்கு எது என்பதுதான் கேள்வி, அதைத்தான் பலரும் என்னிடம் கேட்கிறார்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காரை இப்போது கிளப்புவது ஒரு முடிவு, பேட்டரியை என்ன செய்வது என்பது வேறு முடிவு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் நன்றாக இருக்கும் பேட்டரியைத் தூக்கிப் போடுகிறோம், இல்லையென்றால் செத்துப்போன பேட்டரிக்கு வாராவாரம் கேபிள் மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

## பேட்டரிதான் காரணமா?

பானட்டைத் திறப்பதற்கு முன்னால் காதைக் கொடுங்கள். சாவியைத் திருப்பியதும் ‘டக்டக்டக்டக்’ என்று வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால், எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டாரின் சோலனாய்டு (மோட்டாருக்குக் கரன்ட் விடும் காந்த சுவிட்ச்) இழுக்கப் பார்த்து, வோல்டேஜ் விழுந்ததும் விட்டு, மறுபடி இழுக்கிறது என்று அர்த்தம். பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. ஒரே ஒரு ‘டக்’ கேட்டு, டேஷ்போர்டு விளக்குகளும் மங்காமல் இருந்தால் சந்தேகம் ஸ்டார்ட்டர் பக்கம் போக வேண்டும். சத்தமே இல்லை, விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன என்றால் இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் கிளம்பவிடாத திருட்டுத் தடுப்பு), கிளட்ச் சுவிட்ச், ஆட்டோமேட்டிக் காரில் கியர் லீவர் சுவிட்ச் என்று வேறு இடங்கள் இருக்கின்றன. லீவரை P-யிலிருந்து (பார்க்) N-க்கு (நியூட்ரல்) கொண்டுவந்து ஒருமுறை முயன்று பாருங்கள், சில சமயம் அதிலேயே வேலை முடிந்துவிடும். எஞ்சின் வழக்கமான வேகத்தில் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிடுங்கள், அது எரிபொருள் அல்லது இக்னிஷன் பக்கத்துச் சிக்கல்.

புஷ் ஸ்டார்ட் கார்களில் இன்னொன்று உண்டு. சாவிக்குள் இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்துபோனாலும் கார் கிளம்பாது. அப்போது சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு அழுத்தினால் பல கார்களில் ஸ்டார்ட் ஆகிவிடும். சாவியை எங்கே காட்ட வேண்டும் என்பது காருக்குக் கார் மாறும், கையேட்டில் இருக்கும்.

அப்புறம் டெர்மினல். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் ஆட்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். காரை ஆஃப் செய்துவிட்டு, டெர்மினல் கவ்வியைக் கையால் பிடித்து இடமும் வலமும் திருகிப் பாருங்கள். ஒரு இழை அளவுகூட அசையக் கூடாது. அசைந்தால், அல்லது வெள்ளையாகவோ பச்சை கலந்தோ பொடி பூத்திருந்தால், பணம் செலவழிக்க இன்னும் நேரம் வரவில்லை. நெகட்டிவைக் கழற்றி, அப்புறம் பாசிட்டிவைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் பழைய பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்துக் காயவிட்டு, பாசிட்டிவை முதலில் மாட்டி நெகட்டிவைக் கடைசியாக இறுக்குங்கள். பேட்டரியின் மூடித் துளைகளுக்குள் அந்தச் சோடாத் தண்ணீர் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பொடி கண்ணில் பட்டால் ஆபத்து, கண்ணாடியும் கையுறையும் இருந்தால் நல்லது.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் வீட்டில் இருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கார் சில மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், ஓடி நின்றவுடன் அளந்தால் பொய்யான எண் வரும். சாதாரண லெட்-ஆசிட் பேட்டரியில் 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் என்றால் முழு சார்ஜ். 12.4 சுமார் முக்கால், 12.2 பாதி, 12.0 கால்வாசி. 11.8-க்குக் கீழே போய்விட்டால் காலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆறு செல்களில் ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட் கொடுக்கும். முழுக்க சார்ஜ் போட்ட பிறகும் 10.5 பக்கத்திலேயே நின்றால் ஒரு செல் போய்விட்டது, அதற்கு வைத்தியம் கிடையாது. இன்னொருவரை சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு மீட்டரைப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும் நேரத்தில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரி வீக், அல்லது சார்ஜ் பற்றவில்லை.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதல் கேள்வி, சார்ஜ் ஏன் இறங்கியது? இதற்கு ஒரு சின்னக் கணக்கு உதவும். 45 ஆம்பியர்-மணி பேட்டரி என்று வைத்துக்கொள்வோம் (ஒரு ஆம்பியர் கரன்ட் ஒரு மணி நேரம் போனால் அது ஒரு ஆம்பியர்-மணி). ஹெட்லைட் இரண்டும் 55 வாட் ஹாலஜன் என்றால் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும், நாலைந்து மணி நேரத்தில் எந்த நல்ல பேட்டரியும் படுத்துவிடும். அது பேட்டரியின் குற்றமில்லை. ஆனால் உள்ளே இருக்கும் 5 வாட் கூரை விளக்கு ஒரு ராத்திரி முழுக்க எரிந்தாலும் சுமார் 4 ஆம்பியர்-மணிதான் போகும், பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தச் சின்ன விளக்கு எரிந்ததற்கே கார் கிளம்பவில்லை என்றால் பேட்டரி முன்பே தளர்ந்திருந்தது, விளக்கு அதைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான். எதுவுமே எரியவில்லை, நேற்றுகூட ஓட்டினேன், இன்று காலி என்றால் இன்னும் கவலைப்பட வேண்டும்.

இரண்டாவது, வயது. பொதுவாக மூன்று முதல் ஐந்து வருடம். வெயிலில் நிற்கும் காருக்கு அதற்கும் குறையலாம். சூடுதான் பேட்டரியை உள்ளுக்குள் அரிக்கிறது, குளிர் வந்ததும் அது வெளியே தெரிகிறது.

மூன்றாவது, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், எவ்வளவு நேரம் இருக்கிறது. வீட்டு வாசலில் ஞாயிற்றுக்கிழமை நிற்பதும் ராத்திரி நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்பதும் ஒன்றல்ல. நான்காவது, காரின் வகை. மேனுவலா ஆட்டோமேட்டிக்கா, சிக்னலில் தானாக அணையும் ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டியா, ஹைபிரிடா என்பதைப் பொறுத்து சில வழிகள் தாமாகவே அடைபட்டுவிடும்.

## வழி 1: இன்னொரு காரிலிருந்து கேபிள்

விளக்கை அணைக்க மறந்து இறங்கிய, வயது குறைந்த பேட்டரிக்கு இதுதான் சரியான வழி. கேபிளும் உதவ ஒரு காரும் இருந்தால் பத்து நிமிட வேலை.

வரிசை முக்கியம். சிவப்பு முதலில் இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவில், அதன் மறுமுனை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். கறுப்பு நல்ல பேட்டரியின் நெகட்டிவில், அதன் மறுமுனை உங்கள் காரின் எஞ்சினில், பெயின்ட் இல்லாத கெட்டியான உலோகத்தில், பேட்டரியிலிருந்து தள்ளி. நேராக நெகட்டிவிலேயே மாட்டினால் என்ன என்று கேட்பார்கள். கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும், பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசிந்திருக்கலாம், இரண்டும் ஒரே இடத்தில் சேரக் கூடாது. மாட்டிய பிறகு உதவும் காரைச் சில நிமிடம் ஓடவிட்டு, அப்புறம் உங்கள் சாவியைத் திருப்புங்கள். ஒரு தடவைக்குப் பத்து வினாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள், ஸ்டார்ட்டர் மோட்டார் சூடேறிவிடும். கழற்றும்போது அதே வரிசையைத் தலைகீழாகச் செய்யுங்கள்.

மறைந்திருக்கும் செலவு பாசிட்டிவ் நெகட்டிவ் மாறிப்போவதில் இருக்கிறது. ஒரு நொடி மாறினாலே ஃபியூஸ், ஆல்டர்னேட்டரின் (ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஜெனரேட்டர்) டயோடு, சில சமயம் இசியூ (எஞ்சினை இயக்கும் கணினி) வரை போய்விடும், அதுவும் உதவ வந்தவருடைய காரையும் சேர்த்து. லாரியில் 24 வோல்ட் இருக்கும், நல்ல மனதோடு உதவ வந்தாலும் அதிலிருந்து எடுக்கவே கூடாது. ஹைபிரிட் கார்களின் 12 வோல்ட் பேட்டரி சின்னது, அதிலிருந்து மற்ற காருக்குக் கொடுக்கக் கூடாது என்று பல கையேடுகளில் போட்டிருக்கிறது. மெல்லிய கேபிள் இன்னொரு தொல்லை. சூடாகும், ஆனால் கரன்ட் போகாது. பெட்ரோல் காருக்கு 16 சதுர மில்லிமீட்டர், டீசலுக்கு 25 என்று பார்த்து வாங்குங்கள். வெடித்த, உப்பிய, கசியும், உறைந்துபோன பேட்டரிக்கு எந்த வழியிலும் கரன்ட் கொடுக்காதீர்கள்.

## வழி 2: கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர்

இன்னொரு கார் தேவையில்லை என்பதுதான் இதன் பெரிய பலம். தனியாகப் போகிறவர்கள், ராத்திரியில் ஓட்டுகிறவர்கள், அடித்தளத்தில் நெருக்கமாக நிறுத்த வேண்டியவர்கள் எல்லோருக்கும் கேபிளைவிட இதைத்தான் சொல்வேன். மாற்றி மாட்டினால் கரன்ட் விடாமல் தடுக்கும் பாதுகாப்பு பெரும்பாலானவற்றில் இருக்கிறது.

ஆனால் இதற்கும் சார்ஜ் வேண்டும். வாங்கி டிக்கியில் போட்டுவிட்டு மறந்தால், தேவைப்படும் நாளில் அதுவும் காலியாக இருக்கும். சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்து ஏற்றிவைக்க வேண்டும். உள்ளே இருப்பது லித்தியம், வெயிலில் கொதிக்கும் காருக்குள் நிரந்தரமாக வைப்பது அதன் ஆயுளுக்கும் நல்லதல்ல, பாதுகாப்புக்கும் நல்லதல்ல. பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் ‘பீக்’ ஆம்பியரை (ஒரு கணம் மட்டும் வரும் உச்ச கரன்ட்) பார்த்து ஏமாறாமல், உங்கள் எஞ்சின் அளவுக்கு, அதிலும் டீசலுக்கு, பொருந்துமா என்று பாருங்கள். அடியோடு காலியான பேட்டரியை இது சில சமயம் கண்டுபிடிக்காது. அதற்கென்று தனி பட்டன் இருக்கும், அதை அழுத்தினால் பாதுகாப்பு விலகிவிடும், அப்போது பாசிட்டிவ் எது நெகட்டிவ் எது என்பது முழுக்க உங்கள் பொறுப்பு.

## வழி 3: தள்ளி ஸ்டார்ட் செய்வது

மேனுவல் கியர் காருக்கு மட்டும். இக்னிஷனை ஆன் செய்து, கிளட்சை அழுத்தி, இரண்டாவது கியரில் போட்டு, வண்டி ஓரளவு வேகம் எடுத்ததும் கிளட்சைச் சட்டென்று விட்டு, எஞ்சின் பிடித்ததும் மறுபடி அழுத்த வேண்டும். செலவே இல்லை, அதனால்தான் எல்லோருக்கும் முதலில் இது தோன்றுகிறது.

எனக்கு இது கடைசி வழிதான். எஞ்சின் ஓடாதபோது பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கல்லாக இருக்கும், தள்ளுகிறவர்கள் தடுக்கி விழலாம். திரும்பத் திரும்ப முயன்றால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அதைக் கெடுக்கும். பேட்டரியில் துளி சார்ஜ்கூட இல்லையென்றால் இன்றைய கார்களில் இசியூவும் எரிபொருள் பம்பும் வேலை செய்யாது, எவ்வளவு தள்ளினாலும் வீண். டேஷ்போர்டு விளக்காவது எரிகிறதா என்று பார்த்துவிட்டுத் தள்ளுங்கள்.

## வழி 4: வீட்டில் சார்ஜர்

பேட்டரிக்கு உண்மையிலேயே நல்லது செய்வது இந்த ஒன்றுதான், ஆனால் அவசரத்துக்கு ஆகாது. மற்ற வழிகள் எஞ்சினைக் கிளப்பும், பேட்டரியை நிரப்பாது. கேபிள் போட்டுக் கிளப்பிவிட்டு அரை மணி நேரம் ஓட்டினால் போதும் என்று நினைக்கிறார்கள். சராசரியாக 20 ஆம்பியர் போனாலும் அரை மணியில் 10 ஆம்பியர்-மணிதான் ஏறும், 45-இல் கால்வாசிகூட இல்லை. பேட்டரி அரைகுறை சார்ஜில் நாட்கணக்கில் கிடந்தால் தகடுகளில் லெட் சல்பேட் கெட்டிப்படும், அப்புறம் அது முழு அளவு சார்ஜை வாங்கவே வாங்காது. கேபிள் போட்டு ஓட்டிய பல பேட்டரிகள் சில வாரத்தில் மறுபடி படுப்பதற்கு இதுதான் காரணம்.

பேட்டரியின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு கரன்ட் என்பது பழைய, நம்பகமான கணக்கு. 45-க்கு 4 அல்லது 4.5 ஆம்பியர், முழுக்க இறங்கியிருந்தால் ஒரு ராத்திரி. தானாகக் குறைத்து நிறுத்தும் சார்ஜராக வாங்குங்கள். ஏஜிஎம் (ஆசிட்டைக் கண்ணாடியிழைப் பாய்க்குள் உறிஞ்சிவைத்திருக்கும் வகை) பேட்டரி என்றால் சார்ஜரில் அதற்கான மோடு இருக்க வேண்டும். காற்றோட்டமான இடத்தில் வைத்து ஏற்றுங்கள். வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் பக்கத்துத் தெரு வரை மட்டுமே கார் எடுப்பவர்களுக்கு சார்ஜர் ஆடம்பரமே இல்லை. அவர்கள் புது பேட்டரி வாங்கினாலும் அதுவும் அதே கதிக்குத்தான் போகும். தடையாக இருப்பது பிளக் பாயின்ட் ஒன்றுதான். அடுக்குமாடியில் நிறுத்துபவர்கள் பேட்டரியைக் கழற்றி மேலே கொண்டுபோக வேண்டியிருக்கும்.

## வழி 5: சாலை உதவி

இன்சூரன்ஸோடு இந்தச் சேவை ஏற்கெனவே இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், பலருக்கு இருப்பதே தெரியாது. கை வைக்கப் பயமாக இருந்தால், நிற்கும் இடம் ஆபத்தானதாக இருந்தால், பேட்டரி டிக்கியிலோ சீட்டுக்கு அடியிலோ இருந்தால் இதுவே நல்லது. காத்திருக்கும் நேரம்தான் விலை. ஒன்றில் மட்டும் கவனம் தேவை. வந்தவர் அங்கேயே புது பேட்டரி விற்கப் பார்த்தால், டெஸ்டரில் வந்த எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். இறங்கிக் கிடக்கும் பேட்டரியை அப்படியே சோதித்தால் நல்லதும் கெட்டதாகவே தெரியும். முழு சார்ஜ் போட்ட பிறகு செய்யும் சோதனைதான் தீர்ப்பு.

## வழி 6: புது பேட்டரி

நாலு வருடத்தைத் தாண்டிவிட்டது, முழு சார்ஜ் போட்டும் மறுநாள் 12.4-க்குக் கீழே இறங்குகிறது, அல்லது ஒரு செல் போய்விட்டது: இவற்றில் ஒன்று இருந்தாலும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். சாகும் பேட்டரியை இழுத்துக்கொண்டு போவது மிச்சம்போலத் தெரியும், ஆனால் ஆல்டர்னேட்டரும் ஸ்டார்ட்டரும் அதற்காகக் கூடுதலாக உழைக்கின்றன.

மாற்றும்போது ஆம்பியர்-மணி, குளிர் ஸ்டார்ட்டிங் ஆம்பியர் (குளிரில் செல்ஃப் அடிக்க பேட்டரி கொடுக்கக்கூடிய கரன்ட்), பெட்டி அளவு, பாசிட்டிவ் இடமா வலமா என்று எல்லாமே பொருந்த வேண்டும். தயாரித்த தேதியைப் பாருங்கள், கடை அலமாரியில் பல மாதம் தூங்கிய பேட்டரி புதுசு இல்லை. ஸ்டார்ட்-ஸ்டாப் காருக்கு ஏஜிஎம் அல்லது இஎஃப்பி (அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்க மேம்படுத்திய சாதாரண வகை) பேட்டரிதான் போட வேண்டும். விலை குறைவு என்று சாதாரணத்தைப் போட்டால் சீக்கிரமே திரும்ப வாங்க நேரும். சில கார்களில் புது பேட்டரி போட்டதைக் கணினிக்குத் தெரிவிக்க வேண்டும், இல்லையென்றால் பழைய பேட்டரிக்கான கணக்கிலேயே சார்ஜ் செய்துகொண்டிருக்கும். வாங்குவதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். ஆடியோ சிஸ்டம் அதன் ரகசிய எண்ணைக் கேட்கலாம், கண்ணாடி ஏற்றும் பட்டனை மறுபடி பழக்க வேண்டி வரலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | எப்போது சரி | எப்போது வேண்டாம் | மறைந்த செலவு |
|---|---|---|---|
| கேபிள் | விளக்கு மறந்து இறங்கியது, பக்கத்தில் 12 வோல்ட் கார் | கசிவு, வெடிப்பு, 24 வோல்ட் லாரி | மாற்றி மாட்டினால் இரண்டு காருக்கும் சேதம் |
| ஜம்ப் ஸ்டார்ட்டர் | தனியாக, ராத்திரி, நெருக்கமான பார்க்கிங் | சார்ஜ் பார்த்துவைக்கப் பொறுமை இல்லாதவர் | சூட்டில் ஆயுள் குறையும் |
| தள்ளுவது | மேனுவல், டேஷ்போர்டு எரிகிறது, வேறு வழியில்லை | ஆட்டோமேட்டிக், சரிவு, நெரிசல் | கேட்டலிட்டிக் கன்வர்ட்டர், அடிபடுதல் |
| சார்ஜர் | வீட்டில், நேரம் இருக்கிறது, குறைவாக ஓட்டும் கார் | அவசரம், பிளக் இல்லை | ஒரு ராத்திரி காத்திருப்பு |
| சாலை உதவி | ஆபத்தான இடம், தெரியாத கார் | சில நிமிடத்தில் நாமே செய்யக்கூடியது | காத்திருப்பு, அங்கேயே விற்கப்படும் பேட்டரி |
| புது பேட்டரி | வயதானது, சார்ஜ் நிற்கவில்லை | காரணம் தெரியாத நிலை | வகை மாறினால் திரும்பச் செலவு |

## புதுசு போட்டும் இறங்கினால்

கார் கிளம்பியதும் மல்டிமீட்டரை பேட்டரியில் வையுங்கள். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. 13-க்குக் கீழேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால், வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டு பேட்டரியைக் கொதிக்கவைக்கிறது. சில புதிய கார்கள் எரிபொருளை மிச்சப்படுத்த வேண்டுமென்றே வோல்டேஜைக் குறைக்கும், அதனால் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு அளப்பது நல்லது.

ஓடும் எஞ்சினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி, கார் அணைகிறதா என்று பார்த்து ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள், மெக்கானிக்கே செய்ய வந்தாலும் தடுத்துவிடுங்கள். பேட்டரி விலகிய நொடியில் வோல்டேஜ் பல மடங்கு துள்ளி எலக்ட்ரானிக்ஸை எரித்துவிடும்.

ஆல்டர்னேட்டர் நன்றாக இருந்தும் இறங்குகிறதென்றால், கார் நிற்கும்போது ஏதோ ஒன்று கரன்ட்டைக் குடிக்கிறது. காரைப் பூட்டி, முக்கால் மணி நேரமாவது விட்டு, காரின் எலக்ட்ரானிக் யூனிட்டுகள் எல்லாம் தூங்கிய பிறகு கரன்ட்டை அளந்தால் பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அந்த 50-இலேயே நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி போகும், மூன்று வாரம் எடுக்காமல் நிறுத்தினால் 45 ஆம்பியர்-மணி பேட்டரி பாதிக்கும் கீழே வந்துவிடும். 300, 400 என்று காட்டினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள், எதைப் பிடுங்கியதும் எண் விழுகிறதோ அந்தச் சர்க்யூட்டில்தான் திருடன். பின்னால் பொருத்திய டேஷ்கேமரா, ஆடியோ ஆம்ப்ளிஃபையர், ஜிபிஎஸ் டிராக்கர் ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். அளக்கும்போது மீட்டர் தொடரில், அதாவது பேட்டரிக்கும் அதன் கேபிளுக்கும் நடுவே கரன்ட் போகும் வழியிலேயே இருக்கும், அந்த நேரத்தில் கதவைத் திறந்தாலோ சாவியைப் போட்டாலோ மீட்டரின் ஃபியூஸ் போய்விடலாம்.